கால் பங்குப் பக்கங்கள்: அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் உடல்நலக் கல்விக் கட்டாயத்தின் தோற்றம் (1882–1906)

முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பொதுப் பள்ளிகளில் உடல்நலக் கல்வி கட்டாயப் பாடமானது மருத்துவர்களின் வேண்டுகோளால் அன்று. கல்வித்துறையினரின் திட்டத்தாலும் அன்று. மதுவிலக்கு இயக்கத்தைச் சேர்ந்த பெண்கள், சட்டமன்றத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தமக்கே இல்லாத காலத்தில், ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றத்தின் வாயிலிலும் நின்று அதனைப் பெற்றனர். 1882இல் வெர்மான்ட் மாநிலத்தில் தொடங்கிய இச்சட்டம் இருபது ஆண்டுகளுக்குள் அன்றிருந்த 45 மாநிலங்களிலும் நிறைவேறியது. ஒரு பாடப்பொருள் இத்துணை விரைவில் நாடு முழுமைக்கும் கட்டாயமானது அந்நாட்டுக் கல்வி வரலாற்றில் அரிது.

இச்சட்டங்களின் வரலாறு பெரும்பாலும் மதுவிலக்கு வரலாற்றின் ஒரு கிளையாகவே எழுதப்பட்டுள்ளது. இக்கட்டுரை அதனை உடல்நலக் கல்வியின் வரலாறாக அணுகுகிறது. அறிவியலின் பெயரால் ஒரு பாடத்தைக் கட்டாயமாக்கிய இயக்கம், அவ்வறிவியலே தன் முடிவை மாற்றிக்கொண்டபோது என்ன செய்தது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

சொல்லாட்சி குறித்து ஒரு விளக்கம் தேவை. இவ்வியக்கம் தனக்கு இட்டுக்கொண்ட ஆங்கிலப் பெயரின் நேர்ப்பொருள் ‘மிதம்’ அல்லது ‘அடக்கம்’ என்பதாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அச்சொல் முற்றாக விலக்குதல் என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது. தமிழில் ‘மதுவிலக்கு’ என்று வழங்கும்போது இந்நகர்வு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் அளவோடு குடிப்பதும் தீங்குதானா என்பதே பின்னர் எழுந்த பூசலின் மையமாதலால், இவ்விரு பொருள்களையும் நினைவில் கொள்ளுதல் நன்று.

விருப்பத்திலிருந்து கட்டாயத்துக்கு

உடலியலும் உடல்நலமும் பள்ளியில் கற்பிக்கப்பட வேண்டும் என்ற கருத்து ஹன்டுக்கும் அவருடைய தோழியருக்கும் முந்தியது. மாசசூசெட்ஸ் கல்வி வாரியத்தின் செயலாளரான ஹொரேஸ் மான், 1842ஆம் ஆண்டுக்குரிய தம் ஆறாவது ஆண்டறிக்கையின் பெரும்பகுதியை உடலியல் கல்விக்கே ஒதுக்கினார். 1850இல் அம்மாநிலம் சட்டமும் இயற்றியது. ஆனால் உள்ளூர்ப் பள்ளிக்குழு தக்கதெனக் கருதினால் மட்டுமே கற்பிக்கலாம் என்பதே அதன் விதி. எது தக்கது என்பதை ஊரார் முடிவு செய்யும் இடத்தில், பல ஊர்களில் அது தக்கதாகத் தோன்றவில்லை.

இந்த ஓட்டையை நன்கறிந்தவர் மேரி ஹன்னா ஹன்ட் (1830–1906). கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்து, மேரிலாந்தில் ஒரு மகளிர் கல்வி நிலையத்தில் அறிவியல் கற்பித்தவர். திருமணத்துக்குப் பின் மாசசூசெட்ஸின் ஹைட் பார்க் என்னும் ஊரில் குடியேறினார். வேதியியல் பயின்ற தம் மகனின் பாடங்களின் வழியே ஆல்ககாலின் தன்மையில் அவருக்கு ஆர்வம் பிறந்தது என்பர். அம்மகன் ஆல்ஃபிரட் ஹன்டே பின்னாளில் அல்கோவா எனப் பெயர்பெற்ற அலுமினிய நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவர் என்பது இவ்வரலாற்றின் ஓர் ஓரச் செய்தி. 1870களின் இறுதியில் ஹன்ட் தம் ஊர்ப் பள்ளிக்குழுவை இணங்கவைத்து மதுவின் தீமை பற்றிய பாடத்தை அங்கே புகுத்தினார். ஊர் ஊராகக் கெஞ்சிப் பெறும் இம்முறை நீண்ட காலம் பிடிக்கும் என்பதையும், அடுத்த குழு வந்தால் பாடம் போய்விடும் என்பதையும் அவ்வனுபவம் அவருக்குக் கற்பித்தது.

1874இல் நிறுவப்பட்ட பெண்கள் கிறித்தவ மதுவிலக்குச் சங்கத்தின் தலைவராக 1879இல் பிரான்சஸ் வில்லார்டு பொறுப்பேற்றார். அவர் ஹன்டை அழைத்து, 1880இல் சங்கத்தின் கல்விப் பிரிவுக்குத் தேசியக் கண்காணிப்பாளராக்கினார். ‘அறிவியல்வழி மதுவிலக்குக் கல்வி’ என்ற பெயர் இப்பிரிவின் வழியே வழக்கத்துக்கு வந்தது. முந்தைய மதுவிலக்குப் பரப்புரை குடிகாரனின் மனந்திரும்பலை நாடியது. தேவாலயத்திலும் பொதுக்கூட்டத்திலும் கண்ணீரோடு உறுதிமொழி வாங்கியது. ஹன்டின் நோக்கம் வேறு. இன்றைய மாணவர் நாளைய வாக்காளர். அவர்கள் குடியைப் பாவமென்று அஞ்சுவதைவிட, நஞ்சென்று அறிந்து விலக்கினால் அவ்வறிவு வாக்குச்சாவடி வரை செல்லும் என்று அவர் கணக்கிட்டார். வாக்கற்ற பெண்கள் வருங்கால வாக்குகளை வகுப்பறையில் விதைக்க முனைந்தனர் என்பதே இதன் பொருள்.

1882இன் வெர்மான்ட் சட்டம் உடலியலையும் உடல்நலத்தையும் கற்பிக்கப் பணித்தது. மதுவும் பிற போதைப்பொருள்களும் உடலில் விளைவிக்கும் மாற்றங்களைச் ‘சிறப்பாகக் கருதி’ அது கற்பிக்கப்பட வேண்டும் என்றது. இத்தொடர் பின்வந்த சட்டங்களிலெல்லாம் சிற்சில மாற்றங்களுடன் திரும்பத் திரும்ப வருகிறது. முதன்மைப் பாடம் உடல்நலம், மது அதன் ஒரு கூறு என்பது சட்டத்தின் சொல்லமைப்பு. நடைமுறையில் அது தலைகீழானது: மதுவைப் பற்றிய பாடத்துக்கு இடமளிக்கவே உடல்நலம் பள்ளிக்குள் வந்தது. 1883இல் மிச்சிகனும் நியூ ஹாம்ப்ஷயரும், 1884இல் நியூயார்க்கும், 1885இல் பென்சில்வேனியாவும் வெர்மான்டைப் பின்பற்றின. 1886 மே மாதத்தில் கூட்டாட்சி நாடாளுமன்றமே தலைநகர்ப் பகுதி, மாநிலத் தகுதி பெறாத ஆட்சிப்பகுதிகள், தரைப்படை மற்றும் கடற்படைப் பயிற்சிக் கழகங்கள் ஆகியவற்றுக்கு இக்கல்வியைக் கட்டாயமாக்கியது.

பாடநூல் என்னும் களம்

சட்டம் வந்தவுடன் ஹன்ட் எதிர்கொண்ட இடர், கற்பிக்க நூலில்லை என்பது. இருந்த உடலியல் நூல்கள் எலும்பு, தசை, குருதியோட்டம் ஆகியவற்றை விளக்கின. மது பற்றிச் சில வரிகளோடு நின்றன. சில நூல்கள் மிதமான அளவில் அது தீங்கற்றது என்றும் கூறின. எனவே ஹன்ட் பதிப்பகங்களை நோக்கித் திரும்பினார். ஸ்டீல் என்பவரின் புகழ்பெற்ற உடலியல் பாடநூல் 1884இல் மதுவையும் போதைப்பொருள்களையும் தலைப்பிலேயே குறிப்பிட்டுத் திருத்தப் பதிப்பாக வெளிவந்தது இம்மாற்றத்துக்கு நல்ல சான்று. சட்டமன்றம் திறந்துவிட்ட சந்தையைப் பதிப்பாளர்கள் விரைந்து கண்டுகொண்டனர்.

1887இல் பதிப்பாளர்களுக்கு முன்வைக்கப்பட்ட வேண்டுகோள் இவ்வியக்கத்தின் மனப்போக்கை வேறெந்த ஆவணத்தையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. தொடக்க, இடைநிலை வகுப்பு நூல்களில் கால் பங்கேனும் மது, புகையிலை முதலியவற்றுக்கு ஒதுக்கப்பட வேண்டும். உயர்நிலைப் பள்ளி நூலில் குறைந்தது 20 பக்கங்கள் வேண்டும். அப்பகுதியை நூலின் இறுதியில் பிற்சேர்க்கையாகத் தள்ளிவிடக் கூடாது. ஆல்ககால் நஞ்சு என்பது ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லப்பட வேண்டும். மிதமான குடியைப் பரிந்துரைக்கும் சொல் ஒன்றும் இருத்தலாகாது. இந்த அளவுகோலுக்கு உட்பட்ட நூலுக்கே ஹன்டின் ஒப்புதல் கிடைத்தது. ஒப்புதல் இல்லாத நூலை வாங்கத் துணிந்த பள்ளிக்குழு, அவ்வூர்ச் சங்கப் பெண்களுக்கு விடைசொல்ல வேண்டியிருந்தது.

பிற்சேர்க்கை பற்றிய விதி நுட்பமானது. ஆண்டிறுதிக்குள் நூலின் கடைசிப் பகுதி நடத்தப்படாமல் போகும் என்பதை அறிந்த முன்னாள் ஆசிரியை ஒருவரின் விதி அது. ஆனால் பக்கக் கணக்கு வேறு. ஒரு பொருளின் இடம் அதன் அறிவுநிலையைப் பொறுத்து விரிவதும் சுருங்குவதும் இயல்பு. கால் பங்கு என்று முன்கூட்டியே வரைந்துவிட்டால், நிரப்புவதற்குச் செய்தி வேண்டியிருக்கும். நூலாசிரியர்கள் நிரப்பினர். மது தொண்டையின் தோலை எரித்துவிடும் என்றும், இதயத் தசையைக் கொழுப்பாக்கும் என்றும், சிறிதளவே உயிர் பறிக்கும் என்றும் சிறுவர் நூல்கள் எழுதின. முட்டையின் வெண்கருவை ஆல்ககாலில் இட்டு, அது இறுகி வெண்மையாவதைக் காட்டி, மூளையும் இவ்வாறே ஆகும் என்று வகுப்பில் விளக்குவது பரவலான செய்முறையாயிற்று. தூய ஆல்ககால் வெண்கருவை இறுகச் செய்வது உண்மை. குடிப்பவரின் குருதியில் அது எவ்வளவு நீர்த்து மூளையை அடைகிறது என்ற வினாவை அச்செய்முறை எழுப்பவேயில்லை.

வெர்மான்ட் சட்டம் வந்த அதே 1882இல்தான் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை இராபர்ட் கோக் பெர்லினில் அறிவித்தார். தொடர்ந்த பத்தாண்டுகள் நோய்க்கிருமியியலின் பொற்காலம். உடல்நலம் பற்றிய அறிவு அடியோடு மாறிக்கொண்டிருந்தபோது, உடல்நலப் பாடநூலின் கால் பங்கு ஒரே பொருளுக்கு முன்பதிவாகியிருந்தது. மிச்சிகன் மாநிலம் 1895இல் தொற்றுநோய்கள் பரவும் வழியைக் கற்பிக்கத் தனிச்சட்டம் இயற்றியது. உடல்நலம் கற்பிக்கும் சட்டம் ஏற்கெனவே இருந்த மாநிலத்தில் மற்றொரு சட்டம் தேவைப்பட்டது என்பதே முந்தையதன் குறுகலைச் சொல்லும்.

1895இன் நியூயார்க் சட்டம் கட்டாயத்தை அதன் எல்லைக்குக் கொண்டுசென்றது. உயர்நிலைப் பள்ளியின் இரண்டாம் ஆண்டுக்குக் கீழுள்ள வகுப்புகளில் ஆண்டுதோறும் பத்து வாரங்களுக்குக் குறையாமல், வாரத்துக்கு மூன்று பாடவேளைகள். மாணவர் கையில் பாடநூல். இணங்காத பள்ளிக்கு மாநில நிதி நிறுத்தம். ஏழு வயதுச் சிறுமியும் பதினான்கு வயது இளைஞனும் ஒரே பொருளை ஆண்டாண்டாகத் திரும்பப் படிக்க நேர்ந்தது. ஆசிரியர்களின் எதிர்ப்பால் அடுத்த ஆண்டே சட்டம் சற்றுத் தளர்த்தப்பட்டது. ஆசிரியரின் மீது நம்பிக்கையில்லாத சட்டம் எப்படி எழுதப்படும் என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அக்காலத்தில் இல்லை.

கலோரி அறையும் ஐம்பதின்மர் குழுவும்

1893இல் கல்வியாளர், அறிஞர், வணிகர் முதலியோரைக் கொண்டு மதுச் சிக்கலை ஆராய ஐம்பதின்மர் குழு அமைந்தது. அதன் உடலியல் துணைக்குழுவில் ஜான் பில்லிங்ஸ், ஹென்றி பௌடிச், ரஸ்ஸல் சிட்டெண்டன், வில்லியம் வெல்ச், வில்பர் அட்வாட்டர் ஆகிய ஐவர் இருந்தனர். அமெரிக்க மருத்துவ அறிவியலின் முன்வரிசையினர் இவர்கள்.

அட்வாட்டரின் ஆய்வே பூசலின் திருப்புமுனை. கனெக்டிகட்டின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அவரும் அவருடைய உடனாய்வாளர்களும் ஒரு மனிதன் நாள்கணக்கில் தங்கக்கூடிய கலோரிமானி அறையை அமைத்திருந்தனர். உள்ளே செல்லும் உணவும் காற்றும், வெளிவரும் வெப்பமும் கழிவும் நுட்பமாக அளக்கப்பட்டன. ஆய்வுக்குட்பட்டவரின் உணவில் கொழுப்பு அல்லது மாவுப்பொருளின் ஒரு பகுதியை நீக்கி, அதற்கு ஈடான ஆற்றல் தரும் ஆல்ககால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 72 கிராம், ஆறு வேளைகளாகப் பகிர்ந்து தரப்பட்டது. அதில் 98 விழுக்காட்டுக்கு மேல் உடலில் எரிந்து ஆற்றலாக மாறியது கண்டறியப்பட்டது. அந்த ஒரு பொருளில், அந்த அளவில், ஆல்ககாலும் உணவே என்று 1899இல் அட்வாட்டர் வெளிப்படையாகக் கூறினார். பள்ளி நூல்கள் இதை மறுத்துப் பொய் கற்பிக்கின்றன என்றும் குற்றஞ்சாட்டினார்.

மெதடிஸ்டுப் போதகர் ஒருவரின் மகன், மெதடிஸ்டுகள் நிறுவிய பல்கலைக்கழகத்தின் பேராசிரியர், இவ்வாறு கூறியது மதுவிலக்கு அணியைக் கொதிக்கச் செய்தது. குடியைப் பரிந்துரைப்பது தம் நோக்கமன்று என்று அவர் விளக்கியும் பயனில்லை. மது வணிகர்கள் அவருடைய முடிவைத் தம் விளம்பரத்துக்குப் பயன்படுத்தத் தயங்கவில்லை என்பதால், ஹன்டின் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்றும் சொல்ல இயலாது. ஆயினும் ஹன்டின் எதிர்வினையில் ஒரு முரண் தெரிகிறது. பிரசங்க மேடையை விட்டு ஆய்வுக்கூடத்தைச் சான்றாகக் கொண்டவர் அவரே. ஆய்வுக்கூடம் வேறு விடை தந்தபோது, முந்தைய விடையை அளித்த அறிஞர்களின் பெயர்ப்பட்டியலைக் காட்டி அதனை மறுத்தார். அறிவியலை அவர் முடிவுகளின் தொகுப்பாகக் கண்டார். முடிவுகள் மாறக்கூடிய முறை என்று காணவில்லை.

துணைக்குழுவின் அறிக்கை 1903இல் பில்லிங்ஸைப் பதிப்பாசிரியராகக் கொண்டு இரு தொகுதிகளாக வெளிவந்தது. பள்ளிக் கல்வி பற்றிய பகுதியைப் பௌடிச்சும் கிளிஃப்டன் ஹாட்ஜும் எழுதினர். ‘அறிவியல்’, ‘மிதம்’, ‘கல்வி’ ஆகிய மூன்று சொற்களால் அமைந்த பெயரை எடுத்துக்கொண்டு, மூன்றில் ஒன்றுக்கும் இக்கல்வி தகுதியுடையதன்று என்று அவர்கள் தீர்ப்பளித்தனர். ஹன்ட் 1904இல் எழுதிய மறுப்பு செனட் அவையின் ஆவணமாகவே அச்சாகியது. அறிஞர்களுக்கு ஆய்விதழ்கள் இருந்தன. ஹன்டுக்குச் சட்டமன்றங்கள் இருந்தன.

இவ்விடத்தில் வரலாற்றாசிரியர்கள் இரு பக்கம் பிரிகின்றனர். பிலிப் பாலி 1990இல் எழுதிய கட்டுரை உடலியலாரின் எதிர்ப்பைத் தூய உண்மைப் பற்றாக மட்டும் காணாமல், ஒரு துறை தன் அதிகாரத்தை நிலைநாட்ட நடத்திய போராட்டமாகவும் காண்கிறது. ஜொனாதன் சிம்மர்மன் 1999இல் வெளியிட்ட நூல், ஊர்தோறும் பள்ளிகளுக்குச் சென்று பாடம் நடக்கிறதா என்று பார்த்த சாதாரணப் பெண்களின் மக்களாட்சி உழைப்பை மீட்டெடுக்கிறது. பொதுமக்களின் விருப்பமா, வல்லுநரின் அறிவா என்ற நீங்காத இழுபறியை அதில் காண்கிறது. சிம்மர்மனின் பார்வை ஹன்டுக்கு நியாயம் செய்கிறது. எனினும் அவ்வூர்ப் பெண்களின் கையில் இருந்தது தேர்வுரிமை அன்று. பாஸ்டனில் ஒருவர் ஒப்புதலளித்த நூல்களின் பட்டியல். மக்களாட்சியின் கால்கள் ஊரில் நடந்தன. தலை ஓரிடத்தில் இருந்தது. வல்லுநரின் அதிகாரத்தை எதிர்த்தவர் தாமும் ஒரு தனி அதிகாரமாகவே செயல்பட்டார்.

பிற்கால அறிவியல் இப்பூசலை மேலும் சிக்கலாக்குகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இல் மதுபானங்களை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்தது. தீங்கற்றது என்று சொல்லத்தக்க அளவு ஏதுமில்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023இல் அறிவித்தது. மிதமான குடி பற்றி ஐம்பதின்மர் குழுவினர் காட்டிய அமைதி இன்று நிலைக்காது. ஹன்டின் முடிவு அவர்களுடையதைவிட உண்மைக்கு அருகில் நிற்கிறது. ஆனால் எரிந்த தொண்டையும் இறுகிய வெண்கருவும் அம்முடிவுக்கு அவர் தந்த காரணங்கள். சரியான முடிவைத் தவறான காரணத்தோடு கற்ற மாணவன், காரணம் பொய்யென்று அறியும் நாளில் முடிவையும் சேர்த்தே எறிந்துவிடக்கூடும் என்பதே பௌடிச் போன்றோரின் கவலை. அக்கவலை அட்வாட்டரின் கலோரிக் கணக்கைச் சார்ந்ததன்று.

உரிமத்தொகையும் எஞ்சியவையும்

ஹன்ட் 1906 ஏப்ரலில் காலமானார். தம் ஒப்புதல் பெற்ற நூல்களால் அவர் பொருளீட்டுகிறார் என்ற குற்றச்சாட்டு அவர் வாழ்நாளிலேயே எழுந்திருந்தது. உரிமத்தொகையை அறப்பணிக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாக அவர் விடையிறுத்திருந்தார். அவ்வறநிலையம் எது என்பது அவர் மறைவுக்குப் பின்னரே தெளிவாயிற்று. அவரும் அவருடைய போதகரும் நண்பர் சிலரும் உறுப்பினராயிருந்த சிறு கழகம் அது. அதன் பணம் கல்விப் பிரிவின் தலைமையகத்தைப் பேணச் செலவாகியது. தலைமையகம் பாஸ்டனில் ஹன்ட் குடியிருந்த வீடு. அவர் செல்வம் சேர்த்துவிட்டுப் போகவில்லை. பணம் பெரும்பாலும் பரப்புரைக்கே சென்றது. ஆயினும் நூலை மதிப்பிடுபவரின் அலுவலகம் அந்நூலின் விற்பனையால் இயங்கியது என்பது மறைக்கத்தக்க செய்தியாக அவருக்கே தோன்றியிருக்கிறது. சங்கம் அவருடைய அமைப்பிலிருந்து விலகி, பிரிவை வேறொருவரிடம் ஒப்படைத்தது. ஹன்டின் செயலாளராயிருந்த கோரா ஸ்டாடர்டு தனியே ஒரு கூட்டமைப்பை நிறுவி, சட்டமியற்றுவதை விடுத்துத் தகவல் திரட்டுவதில் இறங்கினார்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் உடல்நலக் கல்வியின் தலைமை வேறு கைகளுக்கு மாறியது. தேசியக் கல்விக் கழகமும் அமெரிக்க மருத்துவக் கழகமும் 1911இல் கூட்டுக்குழு அமைத்தன. 1918இல் வெளியான இடைநிலைக் கல்விக் கொள்கை அறிக்கை, கல்வியின் நோக்கங்களாக வகுத்த ஏழனுள் உடல்நலத்தை முதலில் வைத்தது. ஹன்டின் சட்டங்களைப் படித்து வளர்ந்த தலைமுறை 1919இல் நாடு தழுவிய மதுவிலக்கை அரசமைப்புத் திருத்தமாக்கியது. 1933இல் அதனை நீக்கியதும் அதே தலைமுறைதான்.

திருத்தம் நீங்கியபோதும் பள்ளிச் சட்டங்கள் அதனோடு நீங்கிவிடவில்லை. நியூயார்க்கின் இன்றைய கல்விச் சட்டத்தில் 804ஆம் பிரிவின் தலைப்பு மது, போதைப்பொருள், புகையிலை ஆகியவை பற்றிய உடல்நலக் கல்வியையும், சிலவகைப் புற்றுநோய்களின் தடுப்பையும் கண்டறிதலையும் குறிப்பிடுகிறது. 2018 ஜூலை முதல் நாளிலிருந்து அப்பிரிவின்படி மனநலமும் கற்பிக்கப்பட வேண்டும். தலைப்பில் மது இன்றும் உள்ளது. எத்தனை பக்கம் என்ற வரி மட்டும் இல்லை.